பாசஞ்சர் ரயிலை நிறுத்துவதை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்கிறார்கள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளைத் தடங்கள், பாசஞ்சர் வண்டிகள், அவற்றின் நஷ்டம், மானியம் பற்றி வந்த கடிதங்களில் ஒரே பொருளில் இருந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். இந்தச் சிக்கலைச் சட்டம் போட்டுக் கையாண்ட நாடுகள் பிரிட்டனும் ஜப்பானும். அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் இங்கே என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும் என்பதால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஜப்பானில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ரயில் ஓட்டினார்கள் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. உண்மையா? நம் ஊரில் ஐம்பது பேர் ஏறினாலும் நஷ்டம் என்கிறார்களே? (தென்காசி வாசகி)

பாதி உண்மை. ஹொக்கைடோ தீவில் செகிஹொகு தடத்தில் கியூ-ஷிராதாகி என்று ஒரு சின்ன நிலையம் இருந்தது. அங்கே தவறாமல் ஏறி இறங்கிய ஒரே ஆள் ஒரு பள்ளி மாணவி என்பது சரி. ஆனால் ரயில் அவருக்காக மட்டும் ஓடவில்லை. பக்கத்து நிலையங்களில் ஏறிய மற்ற மாணவர்களும் அதே வண்டியில்தான் போனார்கள். 2016 மார்ச் 26-ல் மூடப்பட்டது நிலையம் மட்டுமே, தடம் இல்லை. அதே நாளில் ஜே.ஆர். ஹொக்கைடோ என்ற ரயில் நிறுவனம் தீவு முழுக்க மொத்தம் எட்டு நிலையங்களை மூடியது. ஜப்பானில் ரயில் கால அட்டவணை மாறுவதும் மார்ச்சில், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில். இரண்டும் ஒத்துப்போனதால் கதை அழகாக அமைந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது செலவுக் கணக்கு. ஏற்கெனவே அந்த வழியாகப் போகும் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்த ஆகும் செலவு வேறு. அந்த வண்டியை ஓட்டும் செலவு வேறு. தடத்தையே பராமரிக்கும் செலவு வேறு. "ஐம்பது பேர் ஏறினாலும் நஷ்டம்" என்று ஒருவர் சொன்னால், இந்த மூன்றில் எந்தச் செலவை வைத்துச் சொல்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஒரு தடத்தின் நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? (விருத்தாசலம் வாசகர்)

செலவை நான்கு அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு, நிலையத்தில் நிறுத்துவது: வண்டி வேகம் குறைந்து மறுபடி எடுக்கும் எரிபொருள், பிரேக் தேய்மானம், பிளாட்பார விளக்கு, டிக்கெட் கொடுக்க ஒரு ஆள். இரண்டாவது, வண்டி: டிரைவர், கார்டு, டீசல் அல்லது மின்சாரம், பெட்டிப் பராமரிப்பு. மூன்றாவது, தடம்: தண்டவாளம், ஜல்லி, பாலங்கள், சிக்னல், லெவல் கிராசிங் கேட்டுகள், ஸ்டேஷன் மாஸ்டர்கள். நான்காவது, தலைமை அலுவலகம், ஓய்வூதியம், வட்டி போன்ற பொதுச் செலவில் இந்தத் தடத்தின் தலையில் எழுதப்படும் பங்கு.

ஒரு பாசஞ்சரை நிறுத்தினால் மிச்சமாவது இரண்டாவது அடுக்கில் ஒரு பகுதி மட்டும்தான். பெட்டிகள் யார்டில் சும்மா நின்றால் அதுவும் முழுதாக மிச்சமாகாது. அதே தடத்தில் சரக்கு ரயிலோ எக்ஸ்பிரஸோ ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவது அடுக்கில் ஒரு பைசா குறையாது. நான்காவது அடுக்கு எங்கேயும் போகாது. மிச்சமிருக்கும் தடங்களின் கணக்கில் ஏறும். ஆகவே "இந்த வண்டியால் இவ்வளவு நஷ்டம்" என்ற தொகையும் "இந்த வண்டியை நிறுத்தினால் இவ்வளவு மிச்சம்" என்ற தொகையும் ஒன்றல்ல. முடிவெடுக்க உதவுவது இரண்டாவது தொகைதான். அறிக்கைகளில் பெரும்பாலும் வருவதோ முதல் தொகை.

வரவுப் பக்கத்திலும் இதே கோளாறு உண்டு. கிளைத் தடத்தில் ஏறி, ஜங்ஷனில் மாறி, 500 கி.மீ. போகிறவரின் டிக்கெட்டில் கிளையின் பங்கு என்று 20 கி.மீ. கட்டணத்தை மட்டும் எழுதினால் கிளை நஷ்டத்தில்தான் நிற்கும். கிளையை மூடினால் அந்த ஆள் 480 கி.மீ.யையும் பஸ்ஸில் போய்விடக்கூடும் என்பது அந்தக் கணக்கில் வராது.

ஜப்பானில் 100 யென் சம்பாதிக்க எத்தனை யென் செலவு என்று ஓர் எண் சொல்வார்கள். ஜே.ஆர். மேற்கு நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட பட்டியலில் கெய்பி தடத்தின் தோஜோ–பிங்கோ-ஒச்சியாய் பகுதிக்கு அந்த எண் 25,416. கேட்டால் தலை சுற்றும். அந்தப் பகுதியில் 2019-ல் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பயணித்தவர்கள் 11 பேர். வருமானம் மிகச் சிறியதாக இருப்பதால் விகிதம் பூதாகரமாகத் தெரிகிறது. மொத்தத் தொகையாகப் பார்த்தால், விகிதம் 150 மட்டுமே உள்ள நெரிசலான தடம் இதைவிட அதிகப் பணம் இழக்கலாம். விகிதத்தைச் சொல்கிறவரிடம் தொகையையும் கேளுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் 1960-களில் ஆயிரக்கணக்கான நிலையங்களை மூடினார்களே, மக்களிடம் கருத்துக் கேட்கவே இல்லையா? (மயிலாடுதுறை வாசகர்)

கேட்டார்கள். ஆனால் எதைப் பற்றிப் பேசலாம் என்பதைச் சட்டமே சுருக்கிவிட்டது.

பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் தன் அறிக்கையை வெளியிட்டது 1963 மார்ச் 27-ல். 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் தடத்தையும் பயணிகளுக்கு மூடலாம் என்றது அறிக்கை. தடங்களில் பாதி, மொத்தப் பயணத்தில் 4 சதவீதத்தை மட்டுமே சுமக்கிறது என்பது அதன் வலுவான வாதம். அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆளே ஏறாத தடங்கள் நிஜமாகவே நிறைய இருந்தன. கோளாறு கணக்கெடுத்த விதத்தில் இருந்தது. பயணிகளை எண்ணியது 1961 ஏப்ரல் 23-ல் முடிந்த ஒரே ஒரு வாரம். ஈஸ்டர் விடுமுறை முடிந்துவிட்டது, கோடை தொடங்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டம் பிதுங்கும் கடற்கரைத் தடங்கள் அந்த வாரத்தில் காலியாகத்தான் இருந்திருக்கும்.

நடைமுறை 1962 போக்குவரத்துச் சட்டத்தின் 56-வது பிரிவில் இருந்தது. இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் அடுத்தடுத்து இரண்டு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆறு வாரத்துக்குள் யாராவது எழுத்தில் ஆட்சேபித்தால், அமைச்சர் முடிவு சொல்லும்வரை மூடக் கூடாது. பயணிகள் ஆலோசனைக் குழு பொது விசாரணை நடத்தி அறிக்கை தரும். இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழு பயணிகளுக்கு நேரும் கஷ்டத்தை மட்டுமே பார்க்கலாம். ரயில்வே காட்டும் நஷ்டக் கணக்கு சரியா என்று கேட்க அதற்கு அதிகாரம் இல்லை. "உங்கள் தொகையில் நான்காவது அடுக்கு ஏன் இருக்கிறது?" என்று விசாரணையில் ஒருவர் எழுந்து கேட்டாலும் அது குழுவின் வரம்புக்கு வெளியே.

செட்டில்–கார்லைல் தடத்தின் கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 72 மைல் நீளம். வழியில் ரிபிள்ஹெட் என்ற 24 வளைவுப் பாலம். பாலம் பழுதாகிவிட்டது, சரிசெய்யக் கட்டுப்படியாகாது என்று 1980-களின் தொடக்கத்தில் மூடும் அறிவிப்பு வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே இடைநிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டிருந்தன. நாளுக்கு ஓரிரண்டு வண்டிகள்தான் ஓடின. அப்படி வைத்துவிட்டு ஆள் இல்லை என்றார்கள். 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. 1986-ல் எட்டு நிலையங்களை மறுபடி திறந்து, நிற்கும் வண்டிகளை விட்டதும் ஆண்டுக்குச் சுமார் 90,000 ஆக இருந்த பயணிகள் 1989-க்குள் 4.5 லட்சம் ஆனார்கள். 1989 ஏப்ரல் 11-ல் அரசு மூடும் திட்டத்தைக் கைவிட்டது. பாலத்தைச் சரிசெய்ய ஆன செலவும் பயமுறுத்திய மதிப்பீட்டைவிடக் குறைவாகவே முடிந்தது.

கேள்வி: ஜப்பானில் மூட வேண்டிய தடங்களை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுத்தார்கள்? (ஈரோடு வாசகர்)

1980-ல் ஜப்பான் தேசிய ரயில்வேயை மீட்க ஒரு தனிச் சட்டம் வந்தது. அளவுகோல், ஒரு நாளில் ஒரு கி.மீ. தடத்தின் மேல் சராசரியாக எத்தனை பயணிகள் போகிறார்கள் என்ற அடர்த்தி. கணக்கு எளிது: எல்லாப் பயணிகளும் போன கிலோமீட்டர்களைக் கூட்டி, தடத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும். 20 கி.மீ. தடத்தில் நாளுக்கு 400 பேர் ஆளுக்கு 10 கி.மீ. போனால் 4,000; அதை 20-ஆல் வகுத்தால் அடர்த்தி 200.

இந்த எண் 4,000-க்குக் கீழே இருந்தால் ரயிலைக் கைவிட்டு வேறு ஏற்பாடு செய்யலாம் என்பது விதி. ஆனால் விலக்குகளை யோசித்து எழுதியிருந்தார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 1,000 பேர் போனால் விலக்கு. பஸ் போகத் தகுந்த சாலை பக்கத்தில் இல்லாவிட்டால் விலக்கு. சாலை இருந்தும் பனியால் ஆண்டுக்குப் பத்து நாளுக்கு மேல் பஸ் ஓட முடியாவிட்டால் விலக்கு. சராசரிப் பயணம் 30 கி.மீ.க்கு மேல் இருந்து அடர்த்தி 1,000 இருந்தாலும் விலக்கு. இவாய்சுமி, மெய்ஷோ என்ற இரண்டு தடங்கள் சரியான மாற்றுச் சாலை இல்லை என்பதற்காகவே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

பட்டியலில் கடைசியாக நின்றவை 83 தடங்கள், ஏறக்குறைய 3,157 கி.மீ. ஒவ்வொன்றுக்கும் ரயில்வேயும் உள்ளாட்சிகளும் உட்கார்ந்து பேச இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அதற்குள் உடன்பாடு வராவிட்டால் ரயில்வே தானே மாற்று ஏற்பாட்டுக்குப் போகலாம். பேச்சு மேசைக்கு எல்லாரையும் இழுத்து வந்தது இந்தக் காலக்கெடுதான். மாறும் தடத்துக்கு ஒரு கி.மீ.க்கு 3 கோடி யென் வரை உதவித் தொகை உண்டு. 1983 அக்டோபரில் மூடப்பட்ட ஷிரானுகா தடம் முதலாவது. முடிவில் 45 தடங்கள் பஸ்ஸாக மாறின. 38 தடங்களில் ரயில் தொடர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை மாநில, உள்ளாட்சி அரசுகளும் தனியாரும் சேர்ந்து தொடங்கிய சிறு கம்பெனிகள் எடுத்து ஓட்டின.

விதிவிலக்கு நிரந்தரப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இவாய்சுமி தடத்தில் 2010-ல் மண்சரிவில் ரயில் தடம் புரண்டது. அதன்பின் ஓடவே இல்லை. 2014-ல் முறைப்படி மூடிவிட்டார்கள். ஜப்பானில் கடந்த இருபது ஆண்டில் பல கிளைத் தடங்களுக்கு முடிவு எழுதியது மழையும் வெள்ளமும்தான். ஆள் குறைந்த தடத்தில் ஒரு பாலம் போனால், அதைக் கட்ட யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை பஸ் ஓடும். பிறகு பஸ்ஸே நிலைத்துவிடும்.

கேள்வி: ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விட்டால் செலவு குறையுமே, அதில் என்ன தவறு? (சங்கரன்கோவில் வாசகர்)

நாளுக்கு நூறு, இருநூறு பேர் மட்டும் போகும் இடத்தில் பஸ் சரியான பதிலாக இருக்கலாம். ஜப்பானில் ஹொக்கைடோவின் யூபாரி ஊரைப் பாருங்கள். 1960 வாக்கில் நிலக்கரிச் சுரங்கங்களோடு ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர். சுரங்கங்கள் மூடி, நகராட்சியே திவாலானது. 2016-ல் அதன் மேயர் தானே முன்வந்து, 16 கி.மீ. கிளைத் தடத்தை மூடச் சம்மதிக்கிறோம், பதிலுக்கு இன்னின்ன உதவி வேண்டும் என்று ரயில் நிறுவனத்திடம் பேரம் பேசினார். 75 கோடி யென் நிதியும் நிறுவனத்தின் நிலமும் பேச்சில் கிடைத்தன. நாளுக்கு ஐந்து நடை ரயில் போய்ப் பத்து நடை பஸ் வந்தது. தடம் 2019-ல் மூடப்பட்டது. கடைசி வரை எதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதைவிட இது நல்ல ஒப்பந்தம் என்றே சொல்வோம்.

ஆனால் பஸ் ஏற்பாடு கெட்டுப்போகும் இடங்கள் தெளிவாகத் தெரிந்தவை. ஜங்ஷனில் ரயில் தாமதமானால் பஸ் காத்திருக்காது, இணைப்பு தவறும். ரயிலில் சீசன் டிக்கெட் வைத்திருந்தவருக்கு பஸ் கட்டணம் இரண்டு மூன்று மடங்கு ஆகும். மூட்டை, சைக்கிள், சக்கர நாற்காலி ஏறாது. எல்லாவற்றையும்விட முக்கியம்: ரயிலை நிறுத்த அறிவிப்பும் விசாரணையும் தேவைப்படும், பஸ்ஸை நிறுத்த ஒரு வாரம் போதும். பிரிட்டனில் பீச்சிங் காலத்து மாற்று பஸ்கள் பல, சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் காணாமல் போயின.

இப்போது ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பு வந்துவிட்டது. ஹொக்கைடோவில் ஒதாரு–ஒஷாமாம்பே தடத்தைப் பஸ்ஸாக மாற்றலாம் என்று 2022-ல் ஒப்புக்கொண்டவர்கள், ஓட்டுநர்களுக்கு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். மாற்று பஸ் என்று யாராவது சொன்னால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கட்டணத்தில், நஷ்டத்தை யார் ஏற்பது.

கேள்வி: மானியம் கொடுத்தே காப்பாற்றிய தடங்கள் உண்டா? எப்படிக் கொடுத்தார்கள்? (கும்பகோணம் வாசகி)

உண்டு. பிரிட்டனில் பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது உருவாக்கி, 1968-ல் நிறைவேறிய சட்டம்தான் திருப்பம். லாபம் தராது, ஆனால் சமூகத்துக்குத் தேவை என்று அமைச்சர் முடிவு செய்யும் சேவைக்கு, அந்தச் சேவையின் பெயரைக் குறிப்பிட்டே மூன்று ஆண்டு வரை மானியம். இது சின்ன மாற்றம் போலத் தெரியும். அதுவரை ரயில்வேயின் மொத்த நஷ்டத்தை அரசு ஆண்டுக் கடைசியில் ஈடுகட்டியது. எந்தத் தடத்துக்கு எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. இப்போது அரசு ஒரு சேவையை விலை கொடுத்து வாங்குகிறது. வாங்கியவருக்குத் தரம் கேட்க உரிமை வந்துவிடுகிறது.

ஜப்பானில் தாதாமி தடம் வேறு வழி. 2011 ஜூலை வெள்ளத்தில் பாலங்கள் அடித்துப் போயின. துண்டான 27.6 கி.மீ. பகுதியில் வெள்ளத்துக்கு முந்தைய ஆண்டின் அடர்த்தி 49. எந்த அளவுகோலிலும் தேறாத எண். ஆனாலும் புகுஷிமா மாநிலமும் வழியில் உள்ள ஊர்களும் தடத்தைக் கேட்டன. சுமார் 900 கோடி யென் செலவில் மூன்றில் ஒரு பங்கை ரயில் நிறுவனம் ஏற்றது, மீதி அரசுகளுடையது. தண்டவாளமும் பாலமும் நிலமும் மாநிலத்தின் சொத்தாயின. வண்டியை மட்டும் நிறுவனம் ஓட்டுகிறது. 2022 அக்டோபர் 1-ல் ரயில் திரும்ப வந்தது. சாலையை யாரும் லாபத்தில் நடத்தச் சொல்வதில்லை. அதே நியாயத்தைத் தண்டவாளத்துக்கும் பொருத்தினார்கள். அதற்கான விலையையும் ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவாக உள்ளூர் அரசுகள் கட்டுகின்றன. நாளுக்கு மூன்று நடைக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் விவாதம் நேர்மையாக நடக்கிறது: தொகை தெரியும், கட்டுபவர் யாரென்று தெரியும்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, ஜப்பானில் நிறுவனமோ உள்ளாட்சியோ கேட்டால் மத்திய அரசே பேச்சுக் குழுவைக் கூட்டலாம். அடர்த்தி 1,000-க்குக் கீழே உள்ள தடங்களுக்கு முன்னுரிமை, சுமார் மூன்று ஆண்டில் முடிவு என்பது இலக்கு. முதல் குழு மேலே சொன்ன கெய்பி தடத்துக்குத்தான்.

கேள்வி: டிக்கெட்டில் 46 சதவீதம் சலுகை தருவதாக நம் ரயில்வே சொல்கிறது. அப்புறம் எதற்குப் பாசஞ்சரை நிறுத்துகிறார்கள்? (போடிநாயக்கனூர் வாசகர்)

2022-23-ல் பயணிகளுக்கு ரூ.56,993 கோடி மானியம், அதாவது நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்குச் சராசரியாக 54 ரூபாய் வாங்குகிறோம் என்பது ரயில்வே அமைச்சகத்தின் கணக்கு. இந்தப் பணம் பெரும்பாலும் நிலக்கரி, இரும்புத்தாது, சிமென்ட் ஏற்றும் சரக்கு ரயில் வருமானத்திலிருந்து ஈடுகட்டப்படுகிறது. எல்லா வண்டிகளுக்கும் சேர்த்த சராசரி அது. "போடி பாசஞ்சருக்கு இவ்வளவு" என்று யாரும் ஒதுக்குவதில்லை. பெயர் சொல்லி ஒதுக்காத பணத்தைக் காட்டி, அந்த வண்டியை ஓட்டியே ஆக வேண்டும் என்று கேட்க வழியில்லை. பிரிட்டனின் 1968-க்கு முந்தைய நிலைமையில்தான் நாம் இன்னும் இருக்கிறோம்.

நடைமுறையும் அப்படியே. 1989 ரயில்வே சட்டத்தில், பாதுகாப்பில்லாத தடத்தை மூடுவது பற்றிப் பிரிவு இருக்கிறது. ஒரு பயணிகள் சேவையை நிறுத்துமுன் அறிவிப்புக் கொடு, ஆட்சேபம் கேள், விசாரணை நடத்து என்று கட்டாயப்படுத்தும் நடைமுறை இல்லை. அதனால் இங்கே வண்டிகள் மூடப்படுவதில்லை. "மறு அறிவிப்பு வரை ரத்து" ஆகின்றன. 2020 மார்ச்சில் நின்ற பாசஞ்சர்கள் திரும்ப வந்தபோது, பல "ஸ்பெஷல்" என்ற பெயரில் வந்தன; குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் தினக்கூலிக்குப் போகிறவர் பஸ்ஸுக்கோ மொபெட்டுக்கோ மாறியிருந்தால், அவரைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை.

மாநிலத்தைப் பங்கு கேட்ட சம்பவமும் உண்டு. 2018 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் எட்டுக் கிளைத் தடங்களின் நஷ்டத்தில் பாதியை மாநில அரசு ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் மூட நேரும் என்று கிழக்கு ரயில்வே கடிதம் எழுதியது. மாநில அரசு மறுத்தது, பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. பங்கு கேட்பதே தவறு என்று நாங்கள் நினைக்கவில்லை. கணக்கைத் திறந்து காட்டாமல், கால அட்டவணையில் மாநிலத்துக்குச் சொல் எதுவும் கொடுக்காமல், பில்லை மட்டும் நீட்டியதுதான் தவறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் டெமு (தனி இன்ஜின் இல்லாமல் டீசலில் ஓடும் பாசஞ்சர்) ஓடத் தொடங்கியபோது கேட்டுகளில் ஆள் இல்லை. கேட்கீப்பர்கள் வண்டியிலேயே போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் வண்டி நிற்கும்; முன்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறுவார். சுமார் 150 கி.மீ. போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணினால், கிடைக்கும் எண் மக்களின் தேவையைச் சொல்லாது. கேட்டில் ஆள் இல்லாததைத்தான் சொல்லும்.

கேள்வி: எங்கள் ஊர் காலை பாசஞ்சர் நின்றுவிட்டது. மனு கொடுத்துச் சலித்துவிட்டோம். வேறு என்ன செய்யலாம்? (பட்டுக்கோட்டை வாசகர்கள் சிலர்)

மனுவில் எண்கள் இருக்கட்டும். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கோட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்; கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: வண்டி நின்ற உத்தரவின் தேதியும் காரணமும், நிற்பதற்கு முந்தைய 24 மாதங்களில் ஒவ்வொரு நிலையத்திலும் மாதவாரி டிக்கெட் விற்பனை, சீசன் டிக்கெட் தனியாக, அந்த வண்டியின் பெட்டிகள் இப்போது எந்த வண்டிக்குப் போகின்றன. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பல சமயம் உண்மையான காரணம் அதில்தான் இருக்கும்.

வரும் எண்ணிக்கையை அப்படியே ஏற்காதீர்கள். சென்னையில் எடுத்த டிக்கெட் சென்னைக் கணக்கில்தான் விற்பனையாக இருக்கும். உங்கள் ஊரில் வந்து இறங்கியவர் உங்கள் நிலையத்தின் விற்பனையில் தெரியமாட்டார்.

அடுத்தது, நீங்களே எண்ணுவது. மிச்சமிருக்கும் வண்டிகளுக்கும் அதே நேரத்துப் பஸ்களுக்கும் செய்யுங்கள். தொடர்ந்து ஏழு நாள். திருவிழா, தொடர் விடுமுறை வாரம் வேண்டாம், பள்ளி கல்லூரி நடக்கும் வாரமாக இருக்கட்டும். நிலையத்துக்கு இரண்டு பேர்: ஒருவர் ஏறுவோரை மட்டும், இன்னொருவர் இறங்குவோரை மட்டும் எண்ண வேண்டும். ஒருவரே இரண்டையும் எண்ணினால் கூட்ட நேரத்தில் தப்பும். தாளில் நாள், வண்டி எண், வந்த நேரம், புறப்பட்ட நேரம், ஏறியவர், இறங்கியவர் என்று ஆறு கட்டம் போதும். முதல் நிலையத்திலிருந்து ஏறியதைக் கூட்டி இறங்கியதைக் கழித்துக்கொண்டே வந்தால், எந்த இரு நிலையங்களுக்கு நடுவே எத்தனை பேர் வண்டியில் இருந்தார்கள் என்பது கிடைக்கும். மேலே சொன்ன அடர்த்திக் கணக்கையும் அதிலிருந்தே போடலாம். வண்டியின் சராசரி காலியாகத் தெரிந்தாலும் நடுவில் ஒரு 15 கி.மீ. நெரிசலாக இருக்கலாம், உங்கள் வாதம் அந்த 15 கி.மீ.யில்தான்.

பிறகு கோரிக்கை. "வண்டியை மீண்டும் விடு" என்பதைவிட, "இன்ன வண்டியின் பெட்டிகள் இன்ன ஜங்ஷனில் காலை 6 முதல் 10 வரை சும்மா நிற்கின்றன, அவற்றை ஒரு நடை இங்கே அனுப்பலாம்" என்பது நிறைவேற வாய்ப்பு அதிகம். புதிய பெட்டி கேட்கும் கோரிக்கை ரயில்வே வாரியம் வரை போக வேண்டியிருக்கும். நிற்கும் பெட்டிகளைப் பயன்படுத்தும் கோரிக்கைக்குக் கோட்டமும் மண்டலமும் பெரும்பாலும் போதும். ஆனால் டிரைவர், கார்டு வேலை நேரம், எதிரே வரும் வண்டிக்கு வழிவிடும் இடம் இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒற்றைத் தடத்தில் கிராசிங் எங்கே என்று யோசிக்காத கால அட்டவணையை முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

இதைக் கோட்ட மேலாளருக்கும், கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு உறுப்பினருக்கும், உங்கள் எம்.பி.க்கும் ஒரே தாளாகக் கொடுங்கள். மண்டல ரயில்வே எம்.பி.க்களோடு நடத்தும் கூட்டத்துக்கு முன்பு கொடுத்தால் அஜெண்டாவில் ஏறும்; எழுத்தில் பதிலும் வரும். வணிகர் சங்கம் ஒரு நேரமும், மாணவர்கள் இன்னொரு நேரமும், பயணிகள் சங்கம் எக்ஸ்பிரஸ் நிறுத்தமும் கேட்டால் மூன்றும் கிடப்பில் போகும். நேரத்தை உங்களுக்குள் பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஒருமுறை மூடிய தடம் திரும்ப வருமா? (மானாமதுரை வாசகர்)

வரும், விலைதான் அதிகம். ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே போன வேவர்லி தடம் 1969 ஜனவரியில் மூடப்பட்டது. அதில் 30 மைலை மட்டும் 2015 செப்டம்பரில் திரும்பத் திறக்கச் சுமார் 30 கோடி பவுண்டு ஆனது. தடம் போன இடத்தைப் புறவழிச்சாலை குறுக்கே வெட்டியிருந்தது. அதைத் தாண்டத் தனிப் பாலம் கட்ட நேர்ந்தது. முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கு மேல் பயணம் பதிவானது.

மதுரை–போடி தடம் இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டு 1954-ல் திரும்ப வந்தது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மறுபடி நின்று, 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூன் 15 முதல் போடி வரையும் ஓடியது. இரண்டு முறையும் திரும்ப முடிந்ததற்குக் காரணம் நிலம் ரயில்வே கையிலேயே இருந்தது. உங்கள் ஊரில் தடம் நின்றுவிட்டால், தண்டவாளத்தை எடுத்தாலும் நிலத்தைத் துண்டு போட்டு விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

கேள்வி: ஓடுகிற வண்டி நிரந்தரமா, தற்காலிகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அரியலூர் வாசகி)

எண்ணைப் பாருங்கள். ஐந்து இலக்க எண்ணில் முதல் இலக்கம் 5 என்றால் வழக்கமான பாசஞ்சர், 6 என்றால் மெமு (தனி இன்ஜின் இல்லாமல் மின்சாரத்தில் ஓடுவது), 7 என்றால் டெமு. 0 என்று தொடங்கினால் அது ஸ்பெஷல். எந்தத் தேதி வரை நீட்டித்திருக்கிறார்கள் என்பதை அறிவிப்பில் பார்த்து, அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள்.